மச்சானுக்குப் பழைய பொட்டி

ரங்கம்மாள் கருவாட்டு மூட்டைகளை உள் ரூமிலிருந்து வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி பிறந்துவிட்டால் வானம் வெளுக்கிற நாளாகப் பார்த்து இதைச் செய்தாக வேண்டும். கோணிகளை அவிழ்த்து, மணலில் விரித்த வலைமேல் கொட்டி, நெத்திலியைத் தனியாக, காரப்பொடி மீனைத் தனியாகப் பரப்பி, ஈரம் ஏறியிருக்கிறதா என்று கையால் துழாவிப் பார்த்து, திரும்ப வெயில் காட்ட வேண்டும். கொஞ்சம் ஏமாந்தாலும் பூஞ்சை பூத்துவிடும். லைட்ஹவுஸ் குப்பத்தில் இது பொம்பளைகள் வேலை. ஆம்பளைகள் படகைக் கரையேற்றியதோடு உலகத்துக்குத் தாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, வலை பின்னுகிற சாக்கில் கூடிப் பேசப் போய்விடுவார்கள்.

அவள் புருசன் தருமனுக்கு அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை. வாசலிலேயே பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“இந்தாமே, மெல்ல இழு. இடுப்பு புடிச்சிக்கப் போவுது.”

“என் இடுப்பு மேல அவ்ளோ அக்கறை இருந்தா எந்திரிச்சி வந்து ஒண்ணு தூக்கு. நீ வாயால தூக்குனா மூட்டை வராது.”

தருமன் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருசத்தில் அவன் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அதுதான் என்பாள் ரங்கம்மாள்.

மூட்டை இழுபடுகிற சத்தம் கேட்டு மகன் பிரதாப் ஓடிவந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்குகிற கிரேன் ஓட்டுகிறவன். கல்யாண வயசு வந்து நிற்கிறது. மூட்டை தூக்கத்தான் வருகிறான் என்று அவள் ஒரு நொடி நினைத்தாள்.

“அம்மா, கறுப்புப் பொட்டி உள்ளதான கீது? அது மேல மூட்டையைப் போட்டுடாத. ஞாயித்துக்கெழம எடுத்துகினு போவணும்.”

“உன் பொட்டியைத் தொட்டில்ல போட்டு ஆட்டிகினு கீறேன். போடா.”

அந்தப் பொட்டியைப் பற்றிச் சொல்லிவிடலாம். டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற பொட்டி. சம்பளம் கைக்கு வர ஆரம்பித்த காலத்திலிருந்து பிரதாப் இதுவரை மூன்று வாங்கியிருக்கிறான். பழசு ஓடாமல் போய்ப் புதுசு வாங்கினான் என்று இல்லை. பழசு நன்றாகவே ஓடும். புதுசு வந்துவிட்டது என்பதுதான் பழசு செய்த ஒரே குற்றம். மூன்றாவதாக வந்தது வெள்ளைப் பொட்டி. படுக்காமல் நிமிர்ந்து நிற்கும். இரண்டு பக்கமும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்ட மாதிரி ஒரு தினுசு. “வேலைக்குப் போவாத மைனர் மாதிரியே கீது பாரு” என்று ரங்கம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டாள். வெள்ளைப் பொட்டி டிவிக்குப் பக்கத்தில் ஏறிய அன்று கறுப்புப் பொட்டி தரைக்கு வந்தது. “எங்கயாவது பத்திரமா வைம்மா” என்று சொல்லிவிட்டு பிரதாப் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

பத்திரமாக வைக்க அவள் வீட்டில் ஒரே இடம்தான் உண்டு. சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த காரை வீடு அது. கடலைப் பார்த்த பக்கமெல்லாம் உப்புக் காற்று பூந்து விளையாடும். டிவிக்குப் பின்னால் துரு, கட்டில் காலில் துரு, சாமி படத்து ஆணியில் துரு. உள் ரூம் மட்டும் ஜன்னல் இல்லாமல், தரை ஈரம் ஏறாமல், ஓட்டு வீட்டு அடுப்பங்கரை மாதிரிக் கதகதவென்று இருக்கும். கருவாடு அங்கே. அவள் கல்யாணப் பட்டுப்புடவை அங்கே. பிரதாப்பின் டிப்ளமா சர்டிபிகேட்டும் அங்கேதான் இருந்தது. வேலைக்கு எடுத்த ஆபீசர் அதை வாங்கிப் பிரித்ததும், “கடலோரமா தம்பி?” என்று கேட்டாராம். பிரதாப்பே வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்ன கதை.

கறுப்புப் பொட்டியையும் அவள் அங்கேதான் வைத்தாள். சும்மா வைக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தால் உள்ளே வேர்த்து நாசமாகும் என்பது கருவாடு போடுகிற எவளுக்கும் தெரியும். கோணிதான் மூச்சு விடும். அதனால் நெத்திலி கட்டியிருந்த கோணிகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, இரண்டு தட்டு தட்டி உதறி, பொட்டியை உள்ளே இறக்கி, வாயைக் கட்டி, நெத்திலி மூட்டைக்கும் காரப்பொடி மூட்டைக்கும் நடுவில் அணைவாக வைத்தாள். மதிப்பில்லாத சாமானுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறதே என்று அப்போதும் முணுமுணுத்தாள்.

மதிப்பில்லாத சாமான் என்று அவள் சொன்னது விலையைப் பார்த்து இல்லை. அவள் பிறந்தது பழவேற்காடு ஏரிக்குள்ளே இருக்கிற பசியாவரம் தீவில். எதை வாங்கினாலும் படகில் ஏற்றிக் கொண்டுவர வேண்டிய ஊர். அங்கே எந்தச் சாமானுக்கும் இரண்டாவது உத்தியோகம் ஒன்று காத்திருக்கும். அந்தப் பழக்கம் அவளோடு குப்பத்துக்கும் வந்தது. அவள் வாசலில் கிழிந்த வலை கோழிக்கு வேலி. அடிவாங்கிய ஃபைபர் படகின் முன்பாதி கவிழ்ந்து ஆட்டுக்குக் கூரை. செத்துப்போன ஃப்ரிட்ஜில் பருப்பும் மிளகாய்த்தூளும் இருக்கிறது, எலி ஏறாது. ஐஸ் வைத்த தெர்மகோல் பொட்டியில் அரைக்கீரை முளைத்திருக்கிறது. இந்தக் கேம் பொட்டிக்கு மட்டும் அவளும் யோசித்துப் பார்த்துவிட்டாள். தண்ணி நிற்காது. அரிசி கொட்ட முடியாது. ஏறி நின்று பரணில் கை விடலாம் என்றால், ஒடிந்துபோகும் என்று அவன் அலறுகிறான்.

“கோழி அடை வெக்கலாமா?” என்று தருமன் ஒருதடவை கேட்டான்.

“மூடி தெறக்காதுய்யா. முட்டை எப்படி வெப்ப, ஊசி போட்டா?”

முதல் பொட்டி போன கதை இதைவிடக் கேவலம். இரண்டாவது வந்ததும், முதலாவதைக் குப்பத்து இளைஞர் மன்றத்துக்குத் தானமாகக் கொடுத்தான் பிரதாப். கர்ணன் மாதிரி மாலைகூடப் போட்டுக்கொண்டான். பொட்டி ஒன்று, ஆட ஆள் ஏகப்பட்டது. அதனால் பாடு வைத்தார்கள். ஏரியில் வலை போடுகிற இடத்தைக் குப்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடத்தில் நீதான் வலை போடலாம், வேறு ஒருத்தன் கால் வைக்க முடியாது. காலகாலமாக வயிற்றுப்பாட்டுக்காக இருக்கிற சட்டம். அதைத் தடிமாடுகள் மன்றத்து டிவிக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். ஒருத்தன் தன் பாட்டைப் பீடிக்கு விற்றான். ஒருத்தன் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, என் பாட்டை என் தம்பிக்குத்தான் தரணும் என்றான். செத்தவன் பாட்டுக்கு வாரிசு கேட்பதுபோலச் சண்டை வந்து மண்டை உடைந்தது. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூட்டம் கூடி, பஞ்சாயத்து பேசி, பொட்டியைப் பூட்டி வைத்தார்கள். ரங்கம்மாள் மீன் கூடையோடு அந்தப் பக்கம் போனவள் நின்று, “இன்னா நாட்டாமை, அடுத்த கூட்டம் கோலிகுண்டுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மாதக்கணக்கில் அந்த நாட்டாமை அவளைப் பார்த்தால் பாதை மாறிப் போனார்.

இந்தத் தடவை கறுப்புப் பொட்டி போக வேண்டிய இடம் மன்றம் இல்லை. அதுதான் விசயம்.

பிரதாப்புக்கு ஒரு பெண் பிடித்திருந்தது. தேவதர்ஷினி. அவன் வேலை செய்கிற இடத்திலேயே ஆபீசில் இருக்கிறவள். திருப்பாலைவனத்துக்கு அந்தாண்டை, நெல் போடுகிற குடும்பம். அப்பா செங்கல்வராயன் பெண்ணைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ‘கடல் சனம், நம்ம சனம் இல்லையே, யோசிக்கணும்’ என்று சொல்லி யோசித்துக்கொண்டே இருந்தார். தை போய் மாசி போய் ஐப்பசி வரைக்கும் யோசித்தார். கடைசியில், பையனையும் பெத்தவங்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு, பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வேளையில்தான் கல்யாணம் நிற்கிறதா விழுகிறதா என்பது இருந்தது.

தேவதர்ஷினிக்கு ஒரு தம்பி, அஜித்குமார். காலேஜில் கடைசி வருசம். அப்பன் அவன் பேச்சைக் கேட்பார். அவனைப் பிடித்தால் அப்பனைப் பிடித்த மாதிரி என்று பிரதாப் கணக்குப் போட்டான்.

“மச்சானுக்குக் கேம்னா உசுரும்மா. கறுப்புப் பொட்டியை அவனுக்குக் குடுத்துடப் போறேன்.”

ரங்கம்மாள் நெத்திலியைத் துழாவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“பொண்ணு கேட்டுப் போற ஊட்டுக்குப் பூ எடுத்துகினு போவாங்க, பழம் எடுத்துகினு போவாங்க. நீ ஆடிக் கழிச்சதை எடுத்துகினு போறியா?”

“நல்லா ஓடுதும்மா அது.”

“நல்லா ஓடுறதை நீ ஏன் எறக்கி வெச்ச?”

“புதுசு வந்திச்சில்ல?”

“அப்ப புதுசை அவனுக்குக் குடு. பழசை நீ வெச்சுக்க.”

பிரதாப் அவளைப் பார்த்த பார்வை, கிட்னியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னவளைப் பார்க்கிற பார்வை.

“அதுல இப்பதான் அக்கவுன்ட்டெல்லாம் போட்டு வெச்சிருக்கேன். உனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது? புதுசு எனக்கு, பழசு மச்சானுக்கு. இதுக்கு இன்னாடா படிப்பு வேணும்? அதுக்குப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டா ரெண்டு பேரீச்சம்பழமாவது குடுப்பான். அதைத் தட்டுல வெச்சி எடுத்துகினு போலாம். பாக்க லட்சணமா இருக்கும்.”

“நைனா, இத்தக் கேளு நைனா!” என்று பிரதாப் அப்பனைக் கூப்பிட்டான். தருமன் வானத்தைப் பார்த்து, வாடை திரும்பப் போவுது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரங்கம்மாள் விடிவதற்குள் ஒருதடவை குளித்தாள். மூட்டைகளைக் கட்டி வைத்தபின் இன்னொருதடவை குளித்தாள். சந்தன சோப்பு. பட்டுப்புடவையை எடுக்கவில்லை. அது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும், அவர்கள் மூக்கு வேறு என்றும் தெரியும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் புதிதாக எடுத்த பச்சைப் புடவையைக் கட்டி, தலை நிறைய மல்லி வைத்தாள். கருவாட்டுக்காரி என்பதில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. அந்த வாசனையில்தான் பிரதாப் டிப்ளமா படித்தான். ஆனால் போகிற இடத்தில் பேச்சு அதில் ஆரம்பிக்கக்கூடாது, பையன் காரியம் என்று நினைத்தாள். அவ்வளவுதான். கறுப்புப் பொட்டியைப் பிரதாப்தான் கோணியிலிருந்து எடுத்து, மேலே துடைத்து, கலர் பேப்பர் சுற்றினான். மேலே மட்டும் துடைத்தான்.

செங்கல்வராயன் வீட்டு ஹால் பெரிசு. டிவி அதைவிடப் பெரிசு. தூறல் என்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. அவர் சம்சாரம் முனியம்மா கேசரியும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு நன்றாகவே போனது. செங்கல்வராயன் நாற்று நட்டதைச் சொன்னார், தருமன் காற்று மாறுவதைச் சொன்னான். இரண்டு பேருக்கும் மழைதான் எஜமான் என்று ஒரு ஒற்றுமை வந்தது. தேவதர்ஷினி வந்து ரங்கம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, “பூ எங்க வாங்கினீங்க அத்தை, நல்லா கட்டியிருக்காங்க” என்றாள். அத்தை என்று சொன்னதை யாரும் தடுக்கவில்லை. ரங்கம்மாளுக்கே உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்தது.

பேசாமல் கேசரியைத் தின்றுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். பிரதாப்புக்குக் கை சும்மா இருக்கவில்லை.

“அஜித், போட்டுப் பாக்கலாமா?”

கலர் பேப்பர் கிழிந்தது. பொட்டி டிவியில் ஏறியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கார் ரேஸ் விட்டார்கள். அந்தப் பொட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஓட ஓடச் சூடாகும். சூடானால் உள்ளே இருக்கிற ஃபேன் மோட்டார் போட்ட படகு மாதிரி இரைந்து, உள்ளே உள்ளதையெல்லாம் வெளியே ஊதும்.

முதலில் முனியம்மா வாசல் பக்கம் திரும்பி, கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தாள். அப்புறம் செங்கல்வராயன் தோள் துண்டை எடுத்து வேர்வை துடைக்கிற மாதிரி மூக்கைத் துடைத்தார். துடைத்துவிட்டுத் துண்டை அங்கேயே வைத்துக்கொண்டார். தேவதர்ஷினி எழுந்து மேலே சுற்றுகிற ஃபேனைக் கூட்டி வைத்தாள். அது ஒரு மூலையில் இருந்ததை ஹால் முழுக்கச் சமமாகப் பிரித்துக் கொடுத்தது. முனியம்மா போய் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றினாள். பட்டப்பகலில் சாமி மேல் திடீரென்று ஒரு பக்தி. ஊதுவத்தியும் நெத்திலியும் சேர்ந்ததும், பூஜை ரூமில் யாரோ கருவாட்டுக் குழம்பு தாளித்த மாதிரி ஆகிவிட்டது.

எல்லோரும் பார்த்தார்கள். பொட்டியை இல்லை. ரங்கம்மாளை.

நேராகப் பார்க்கவில்லை, மரியாதைக்காரர்கள். அவள் புடவையைப் பார்த்து, தருமன் சட்டையைப் பார்த்து, கண்ணை எடுத்துக்கொண்டார்கள். ரங்கம்மாளுக்குப் புரிய ஒரு மூச்சுதான் ஆனது. போன வாரம் வெயில் காட்டின அதே நெத்திலி. கோணி, பொட்டி, ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் புத்தியில் வந்து நின்றது. நாற்றம் அவளுக்குப் புதிசு இல்லை. அவள் மேல் இல்லாத நாற்றத்தை அவள் மேல் போடுவதுதான் புதிசு.

அவள் பிரதாப்பைப் பார்த்தாள். அவன் மூக்கு விடைத்தது. பொட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குப்பத்தில் பிறந்தவன், நெத்திலி கோணியில் படுத்துத் தூங்கினவன், அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பொட்டியிலிருந்து வருது என்று ஒரு வார்த்தை. அதற்காக அவள் காத்திருந்தாள். டிவியில் அவன் கார் வளைவில் திரும்பியது.

“டேய், அந்தப் பொட்டியை ஆஃப் பண்ணு. நெத்திலி அதுலதான் வேவுது” என்றாள் ரங்கம்மாள்.

அஜித்குமார் குனிந்து பொட்டி பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். அதற்குள் பிரதாப் பட்டனை அமுக்கிவிட்டான்.

“சூடாயிடுச்சு அஜித், அப்பறம் ஆடலாம்” என்றான். பிறகு செங்கல்வராயனைப் பார்த்து ஒரு சிரிப்பு. “பொட்டில எப்படிங்க நெத்திலி வரும்? அம்மா நாள் பூரா கருவாட்டுலயே கெடக்குறாங்க. எது எங்கேர்ந்து வருதுன்னு அவங்களுக்கே தெரியாது.”

“அதனால இன்னாம்மா, தொழில்னா அப்டித்தான்” என்றாள் முனியம்மா. நல்ல மனசோடுதான் சொன்னாள். ரங்கம்மாளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இரண்டு திட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இரக்கத்துக்கு என்ன பதில் இருக்கிறது? காப்பி குடித்த காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பிரதாப் பைக்கில் முன்னால் போய்விட்டான். ஷேர் ஆட்டோவில் தருமன் பக்கத்தில் அவள்.

“யோவ், உனக்கு மூக்குன்னு ஒண்ணு கீதா இல்லியா?”

“கீது.”

“அப்ப வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“வாயில மிக்சர் இருந்துச்சிமே.”

பழவேற்காடு பாலம் வருகிற வரைக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் முழுக்க பிரதாப் டபுள் ஷிப்ட். வந்தான், தின்றான், படுத்தான். அவள் சோறு போடுவதை நிறுத்தவில்லை. அவள் அந்த மாதிரி ஆள் இல்லை. ஆனால் அவனைத் திட்டவும் இல்லை. அதுதான் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாததாக இருந்தது. தருமனே இரண்டுதடவை வந்து, “இன்னாமே, ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் செங்கல்வராயனும் அஜித்குமாரும் குப்பத்துக்கு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தோம் என்றார்கள். அப்படியென்றால் சம்மதம் என்று அர்த்தம். பிரதாப் சட்டை போட உள்ளே ஓடினான். தருமன் பிளாஸ்டிக் சேரிலிருந்து எழுந்து, அந்தச் சேரையே கொடுத்தான். வீட்டில் இருந்த நல்ல சேர் அதுதான்.

அஜித்குமார் கையில் ஒரு பை. பைக்குள் கறுப்புப் பொட்டி.

“அத்தை, நீங்க சொன்னது கரெக்ட்டு” என்றான் சிரித்துக்கொண்டே. “நீங்க போன பெறகும் வாசனை போவல. ஸ்குரூ கழட்டிப் பாத்தேன். ஒரு கொழம்புக்கு ஆவுற நெத்திலி உள்ள கீது. தலை, செதில், எல்லாம். ஃபேனுக்குள்ள ஒண்ணு முழுசா!”

செங்கல்வராயன் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, “அன்னிக்கு நாங்கதாம்மா தப்பா நெனச்சுட்டோம். என் சம்சாரம் ரொம்ப வருத்தப்பட்டா. சம்மந்தியம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா” என்றார். எவ்வளவோ யோசிக்கிற மனுசன். அதைச் சொல்ல யோசிக்கவில்லை.

“கோணில வெச்சது நான்தாங்க” என்றாள் ரங்கம்மாள். “எங்க ஊட்ல எது கெடக்கூடாதோ அதை அங்கதான் வெப்போம். இது மூச்சு வுடுற பொட்டின்னு எனக்குத் தெரியல.”

செங்கல்வராயன் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அப்போதுதான் பிரதாப் பட்டன் போட்டுக்கொண்டே வந்தான். விசயம் காதில் விழுந்திருந்தது.

“அப்படியா! பொட்டிக்குள்ளயா இருந்துச்சு?” புருவத்தைத் தூக்கி, வாயைப் பிளந்து, கூத்துக்காரன் தோற்றான். “சத்தியமா எனக்குத் தெரியவே தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல?”

ரங்கம்மாளின் சிரிப்பு அங்கேயே நின்றது.

“சுத்தமாத் தொடைச்சுட்டேன் மாமா, நல்லா ஓடுது” என்றான் அஜித்குமார் பிரதாப்பிடம். “ஆனா இப்ப வர்ற கேம் எதுவும் இதுல ஓடாதாம். பசங்க எல்லாம் புதுசுல ஆடுறாங்க. அதான் நீங்களே வெச்சுக்கங்கன்னு எடுத்துட்டு வந்தேன்.”

இந்தப் பையனும் புதுசுக்கு அலைகிற அதே ஜாதிதான் என்று ரங்கம்மாள் நினைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு வஞ்சிரம் வறுத்து, நண்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். தை மாசத்தில் நாள் பார்ப்பது என்று பேசினார்கள். கல்யாணம் பொன்னேரியில், குடித்தனம் வேலைக்குப் பக்கமாக மீஞ்சூரில் என்று பிரதாப்பே முந்திக்கொண்டு சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். தருமன் ஆகட்டும் என்றான். அவர்கள் கிளம்பும்போது செங்கல்வராயன் கருவாடு கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நெத்திலியே கேட்டார்.

ஹாலில் பிரதாப் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். வெள்ளைப் பொட்டி நிமிர்ந்து நின்றது. கறுப்புப் பொட்டி பையோடு தரையில் கிடந்தது. ரங்கம்மாள் சாப்பிட்ட இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி அவன் பக்கத்தில் நின்றாள்.

“இத இன்னாம்மா பண்றது?” என்றான் பிரதாப், காலால் பையைக் காட்டி. “மன்றத்துக்குக் குடுத்தா மறுபடி மண்டை ஒடைஞ்சிக்குவானுங்க. எக்ஸ்சேஞ்சுல கேட்டா எவனும் தொட மாட்டான். ஊட்லயும் எடமில்ல.”

“நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லு.”

“இன்னா?”

“அன்னிக்கு அவங்க ஊட்ல, அவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்களே. அப்ப நான் நாறலன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

பிரதாப் கேம் ரிமோட்டைத் தேடினான். சேருக்கு அடியில் பார்த்தான். பாய்க்கு அடியில் பார்த்தான். அது அவன் மடியிலேயே இருந்தது. எடுத்தான். டிவி வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. மேட்ச் ஆரம்பிக்கப் போவதாக எழுத்து வந்தது.

“உன்னைத்தான் கேக்குறேன்.”

அவன் பட்டனை அமுக்கினான். டிவியில் கூட்டம் கத்தியது. ஒருத்தன் பந்தை உதைத்தான், இன்னொருத்தன் அதைத் தடுத்தான். ரங்கம்மாள் நின்றாள். பந்து அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்குத் திரும்பி வந்தது. அவன் தலை திரும்பவில்லை.

அவள் தரையில் கிடந்த பையைத் தாண்டி, வாசல்படியில் கால் வைத்து, வெளியே போனாள்.